தனியறையில் எழுதியது

சத்துவாச்சாரி, வேலூர்
5 ஆகஸ்ட் 2025

சைரா,

உனக்குக் காகிதத்தில் எழுதி இருபது வருஷம் இருக்கும். கல்லூரி விட்ட பிறகு கொஞ்ச நாள் எழுதிக்கொண்டோம், பிறகு போன் வந்துவிட்டது. இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை. உன் அக்கா வஜீதா ஆப்பா வீட்டுக்கு அனுப்புகிறேன். உன் வாட்ஸ்அப் பகல் முழுக்க தோல் டேனரி ஆபீஸ் திரையில் திறந்தே கிடக்கும் என்று நீதான் சொன்னாய். போனில் பேசலாம் என்றால் ஆபீஸில் பக்கத்து மேஜை, வீட்டில் உன் கணவர் ரஷீத். அவரும் அதே டேனரியில் சூப்பர்வைசர். நான் சொல்லப்போவது இவர்கள் யார் காதிலும் விழக் கூடாது என்று தோன்றுகிறது. வீண் பயம் என்றால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நம் 'ஓணான்' பிரவுசரில் ஒரு பிழை இருக்கிறது. நான் செய்த பிழை.

ஏழு வருஷமாக நாங்கள் பதினோரு பேர், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் இருநூற்றுப் பதினாறு சோதனைகள் புதிதாகத் தேறின. வரியின் முடிவில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாகப் பிரிந்து நின்ற கோளாறு போய்விட்டது. நீ சொன்ன உருதுப் பத்திரிகை இப்போது வலமிருந்து ஒழுங்காக ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொன்னால், "மொபைல்லயே பிரவுசர் இருக்குதே மிஸ், இன்னொண்ணு எதுக்கு?" என்கிறார்கள். உன் ஆபீஸ் பழைய கணினியில் வேறெதுவும் ஓடாததால் நீ ஓணானைப் போட்டாய். போட்டுவிட்டு நாற்பத்தொரு குறை எழுதி அனுப்பினாய். எனக்குத் தெரிந்து இதைத் தினமும் பயன்படுத்துகிற ஒரே முகம் உன்னுடையதுதான்.

உன் குறைகளில் ஒன்று கரண்ட் பற்றியது. பெரிய படிவத்தைப் பாதி நிரப்பும்போது கரண்ட் போகிறது, யு.பி.எஸ். நாலு நிமிஷம்கூடத் தாங்கவில்லை, அடித்ததெல்லாம் போச்சு என்று திட்டினாய். அதற்காகத்தான் அந்த வசதியைச் செய்தேன். நாம் அடிப்பதை இருபது வினாடிக்கு ஒருமுறை ஓணான் கணினியில் பதிந்து வைக்கும். கரண்ட் போய்க் கணினி அணைந்து மறுபடி எழுந்தால், மேலே மஞ்சள் பட்டை வரும்: 'நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது. மீட்கவா?' ஒழுங்காக மூடினால் அது அழிந்துவிட வேண்டும்.

எதுவும் எங்கும் தங்கக் கூடாது என்பவர்களுக்குத் 'தனியறை' என்று ஒரு ஜன்னல் வைத்திருக்கிறோமே, அதில் எழுதுவதையும் இது பதிந்துவிடுகிறது. ஒழுங்காக மூடினாலும் அழிப்பதில்லை. நேற்று மதியம் வீட்டில் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தபோது கண்டுபிடித்தேன். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் ஜூலையில் நீ ஒருநாள் கேட்டாய்: "தனியறையில எழுதினா எங்கியும் நிக்காதில்ல?" நான் பெருமையாக, "நிக்காது, நான் கேரண்டி" என்றேன். அப்படியொரு கேள்வியை நீ அதற்கு முன் கேட்டதே இல்லை.

என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டேன். அது இன்னும் அந்தக் கணினியில் இருக்கிறது. அடுத்த முறை கரண்ட் இல்லாமல் அது அணைந்து எழும்போது, எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் காட்டும்.

ஷர்மிளா


பேரணாம்பட்டு
8 ஆகஸ்ட் 2025

ஷர்மி,

கிழிக்கவில்லை. ஆப்பா வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். அங்கே பீடி சுற்ற தினம் பத்துப் பெண்கள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டு ஆண்கள் எங்கள் டேனரியில்தான். அதனால் ஆப்பா போனிலிருந்தும் பேச முடியாது. ஆப்பாவிடம் இருப்பதும் பட்டன் போன்.

உன்னை அடிக்க வேண்டும் போலிருக்கிறது. படிவம் போகாமல் இருக்க வழி செய் என்றுதான் நான் கேட்டேன். என் கழுத்துக்குக் கத்தி செய்து தரச் சொல்லவில்லை.

கேட்கமாட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். கேள். ஜூலை பதினொன்றாம் தேதி இன்பராஜ் என்று ஒரு பையனை, பையன் என்ன, முப்பது வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், கழிவுநீர்த் தொட்டிக்குள் அடைப்பு எடுக்க இறக்கினார்கள். முகமூடி இல்லை, கயிறு இல்லை. வாயு தாக்கி விழுந்தான். பிழைத்தான், ஆனால் ஒடுகத்தூர் பக்கம் தன் வீட்டில் நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். மறுநாள் காலை முதலாளி இஷ்தியாக் சாப் என்னைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் சத்தம் போடமாட்டார். "சைரா, அந்தப் பையன் நேத்து லீவுதானே?" என்றார். நான் வருகைப் பதிவேடு வைத்திருப்பவள். "லீவுதானே மா?" என்றார் மறுபடி. வந்திருந்தான் என்ற குறியை அடித்து லீவு என்று எழுதினேன். என் கையால். பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். ரஷீத் போட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்று வரைக்கும் வீட்டிலும் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் குறியை அடிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஸ்கேன் எடுத்திருந்தேன். ஸ்கேனர் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. அதனால் இருபத்தொன்றாம் தேதி மதியம், எல்லாரும் தொழுகைக்குப் போனபோது, உன் தனியறையில் உட்கார்ந்து தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் மனு அனுப்பினேன். பெயர் போடாவிட்டால் என்ன, 'பதிவேடு வைத்திருக்கும் என்னிடமே சொன்னார்கள்' என்று எழுதியிருக்கிறேன். குழந்தைக்கும் புரியும்.

இப்போது அந்தக் கணினி என்னிடம் இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து என்னை பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் நாற்காலியில் மக்பூல் உட்காருகிறான். இஷ்தியாக் சாபின் தங்கை மகன். ஜூலைக் கடைசியில் புது யு.பி.எஸ். போட்டார்கள், ஒரு மணி நேரம் தாங்கும். அதனால் சின்னச் சின்ன கரண்ட் கட்டில் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கணினியை யாரும் அணைப்பதே இல்லை. யு.பி.எஸ். கத்திக் கத்திச் சாகும்வரை மக்பூல் விட்டுவிடுவான்.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள்.

அந்த மஞ்சள் பட்டையில் எத்தனை வார்த்தை தெரியும்? அதை மட்டும் சொல்.

சைரா


சத்துவாச்சாரி
11 ஆகஸ்ட் 2025

சைரா,

முதல் ஒரு வரி தெரியும். எந்தத் தளத்தில் எழுதியது என்று தெரியும். 'மீட்க' என்பதை அழுத்தினால் முழுவதும் விரியும். மறந்துபோனவர்களுக்கு நினைவு வர வேண்டும் என்பதற்காக முதல் வரியை நான்தான் பெரிய எழுத்தில் வைத்தேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இன்பராஜ் படியேற முடியாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். நீ கேட்ட அன்று நான் ஒரு நிமிஷம் சோதித்துப் பார்த்திருக்கலாம். யாரும் பயன்படுத்தாத பொருளைச் செய்பவளுக்கு ஒரு சுகம் இருக்கிறது, சைரா. தப்பு செய்தால் தானே திருத்திக்கொள்ளலாம், யாருக்கும் அடிபடாது. ஏழு வருஷமாக அந்தச் சுகத்தை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வழி இருக்கிறது. நீ அந்த நாற்காலியில் மூன்று நிமிஷம் உட்கார முடிந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி செய்து அந்தக் கோப்பை அழித்துவிடலாம். இல்லையென்றால் நான் புதிய பதிப்பு வெளியிடுகிறேன். அது ஏறியதும் பழைய பதிவுகளைத் தானே துடைத்துவிடும். ஆனால் ஓணான் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று காட்டும், யாராவது அழுத்த வேண்டும்.

திருத்தத்தை எழுதிவிட்டேன். ஒன்பது வரிதான். எங்களிடம் ஒரு முறை இருக்கிறது: எந்த மாற்றமும் எழுதியவர் பெயரோடும் காரணத்தோடும் போக வேண்டும், இன்னொருவர் படித்துச் சரி சொல்ல வேண்டும். அது உலகத்துக்கே திறந்திருக்கும். காரணம் என்ற இடத்தில் உண்மையை எழுதினால், எந்த ஊரில் எந்தக் கணினியில் ஓணான் இருந்தாலும் எங்கே தோண்டினால் என்ன கிடைக்கும் என்று வழி காட்டுவது போல ஆகிவிடும். அதனால் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து தமிழ்வேந்தன் அதைப் படிக்கிறான். எங்கள் பதினோரு பேரில் எல்லாவற்றையும் வரி வரியாகப் படிக்கிறவன் அவன். பார்க்கலாம்.

நான் பேரணாம்பட்டு வரட்டுமா? ஏதாவது கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஷர்மிளா


பேரணாம்பட்டு
14 ஆகஸ்ட் 2025

ஷர்மி,

வராதே. இந்த ஊர் டேனரிக்குள் புடவை கட்டிய புது முகம் வந்தால் மாட்டுத்தோல் இறக்குகிறவன்கூட நின்று பார்ப்பான்.

நேற்று முயற்சி செய்தேன். மக்பூல் டீ குடிக்க எழுந்தான். நான் பழைய பேக்கிங் லிஸ்ட் எடுக்க வந்தவள் போல உட்கார்ந்தேன். உன் தாளில் மூன்றாவது படிவரை போய்விட்டேன். பின்னால் குரல்.

"இன்னா மேடம், பழைய சீட்ட வுட்டுப் போக மனசு வர்லியா?"

"லிஸ்ட் ஒண்ணு வேணும் மக்பூல்."

"என்னாண்ட கேட்டா நான் குடுக்க மாட்டேனா? ஏன் பேஜார் படுறீங்க? சொல்லுங்க, எந்த மாசம்?"

எந்த மாசம் என்று கேட்கிறான், எனக்கு ஜூலை என்று வாய்வரை வந்துவிட்டது. மார்ச் என்றேன். சிரித்துக்கொண்டே அச்செடுத்துக் கொடுத்தான். அவன் கெட்டவனா நல்லவனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

அது மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து தபால் வந்திருக்கிறது. ஜூலை மாதப் பதிவேட்டின் அசலைக் கேட்டு. இஷ்தியாக் சாப் ஆபீஸ் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னிடம், "உள்ள இருந்து யாரோ எழுதிருக்காங்க மா. உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்குதா?" என்றார். அவர் கண்ணும் தூங்காத கண்ணாகத்தான் இருந்தது. எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை என்றேன்.

ரஷீத்தையும் கூப்பிட்டாராம். வீட்டில் சாப்பிடும்போது தட்டையே பார்க்கிறார். நான் எழுதியதில் 'சூப்பர்வைசரும் சொன்னபடி கையெழுத்திட்டார்' என்ற வரி இருக்கிறது. அந்த வரியை எழுதும்போது அது என் புருஷன் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குக் காலிஃபிளவர் பொரித்துக் கொடுத்தேன்.

இன்னொன்று. 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினேன் என்றாயே. நடந்தது ஒன்று, ஏட்டில் எழுதுவது ஒன்று. நான் பதிவேட்டில் செய்ததும் அதுதான் ஷர்மி. என்னைக் காப்பாற்ற நீயும் அதைச் செய்கிறாய் என்று படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அரை மணி நேரம். அதற்குமேல் இல்லை.

சைரா


சத்துவாச்சாரி
16 ஆகஸ்ட் 2025

சைரா,

தமிழ்வேந்தன் பிடித்துவிட்டான். "அக்கா, சிறு ஒழுங்குபடுத்தல்னு போட்டிருக்கீங்க. ஆனா இது ஆளுங்களோட வரைவை மொத்தமா அழிக்குது. ஏன்னு சொல்லாம நான் எப்படி சரின்னு போடறது?" என்று எழுதியிருந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குக் காது சூடேறியது. நேற்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் இதே யோசனை.

அவனிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். உன் பெயர் சொல்லவில்லை. அவன் ஒரு கணக்கு எடுத்துக் கொடுத்தான். ஓணானை நாலாயிரத்துச் சொச்சம் கணினிகளில் போட்டிருக்கிறார்களாம். நான் நாற்பதோ ஐம்பதோ என்று இருந்தேன். நாலாயிரம் பேரில் எத்தனை பேர் தனியறையை நம்பி எதை எழுதினார்களோ. ஏழு வருஷம் நாங்கள் சத்தமில்லாமல் முன்னேறியிருக்கிறோம், யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்மையை வெளியிட்டால் அவர்கள் உடனே புதுப்பித்துக்கொள்வார்கள். ஆனால் மக்பூல் அதைப் படித்தால், புதுப்பிப்பதற்கு முன் அந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். காரணத்தை மறைத்துப் புதிய பதிப்பை மட்டும் விட்டால் நீ ஒருவேளை தப்பிக்கலாம். சனிக்கிழமை கழிந்ததும் காரணத்தை வெளியிடலாம் என்றும் நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் வேறு யார் வீட்டில் கரண்ட் போகுமோ என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இதை நானே முடிவு செய்தால், கேரண்டி கொடுத்தது போல இதுவும் ஆகிவிடும். நீ சொல். ஆப்பா போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் காரணத்தை நிறுத்தி வைக்கிறேன். இரண்டு கொடுத்தால் உள்ளதை உள்ளபடி எழுதி வெளியிடுகிறேன். செவ்வாய் மாலைவரை போன் கையில் இருக்கும்.

ஷர்மிளா


சத்துவாச்சாரி
20 ஆகஸ்ட் 2025

சைரா,

முதல் அழைப்பு நாலு பத்துக்கு வந்தது. அதன்பிறகு பதினேழு நிமிஷம் எதுவும் வரவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டாய் என்று நினைத்து, வெட்கமாக இருக்கிறது, மூச்சு விட்டேன். பிறகு இரண்டாவது வந்தது. அந்தப் பதினேழு நிமிஷம் நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்கமாட்டேன்.

இன்று காலை வெளியிட்டுவிட்டோம். ஓணானைத் திறந்ததும் தமிழில், உருதுவில், ஆங்கிலத்தில் வரும்: 'தனியறையில் நீங்கள் எழுதியவை கணினியில் தங்கிவிடும் பிழை இருந்தது. உடனே புதுப்பியுங்கள். தங்கியவை எல்லாம் அழிக்கப்படும். இந்தப் பிழையைச் செய்தது ஷர்மிளா. மன்னிக்கவும்.' கடைசி இரண்டு வாக்கியம் வேண்டாம் என்றான் தமிழ்வேந்தன். நான் வைத்துவிட்டேன்.

மக்பூல் அழுத்த வேண்டும். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

ஷர்மிளா


பேரணாம்பட்டு
24 ஆகஸ்ட் 2025

ஷர்மி,

மக்பூல் அழுத்தவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் உன் அறிவிப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலை பார்த்தான். பேக்கிங் மேஜையிலிருந்து கண்ணாடி வழியாக எனக்கு அந்தத் திரை தெரியும். ஒருவன் படிக்காமலே மூடுவதற்காக நான் இத்தனை துஆ கேட்டதில்லை. அழுத்த வேண்டும் என்றும் கேட்டேன், படிக்கக் கூடாது என்றும் கேட்டேன்.

நேற்று ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பத்தேகாலுக்கு யு.பி.எஸ். கத்தி ஓய்ந்தது. மதியம் மக்பூல், "கரண்டே இல்ல, இங்க ஒக்காந்து கொசு அடிக்கவா?" என்று ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். எனக்கு உயிர் வந்தது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் நானே போய் உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தேன். நாலரைக்கு பேக்கிங்கில் லாரி வந்துவிட்டது. எழுபது பெட்டி. எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தால், ஆபீஸில் விளக்கு எரிகிறது, என் பழைய நாற்காலியில் ரஷீத். முந்தின நாள் உற்பத்திக் கணக்கை ஏற்றச் சொல்லி இஷ்தியாக் சாப் அனுப்பியிருக்கிறார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேலே மஞ்சள் பட்டை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். அழுத்தினார். விரிந்தது. ரொம்ப நேரம் படித்தார், ஷர்மி. இரண்டு பக்கம்கூட இல்லை அது. நான் உள்ளே போகவில்லை. பெண்கள் வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சமைத்தேன். எதைச் சமைத்தேன் என்று தெரியாது.

ஏழு மணிக்கு வந்தார். கை கால் கழுவினார். உட்கார்ந்தார். நான் தட்டு வைத்தேன். குழம்பு பாயில் சிந்திவிட்டது. துடைக்கக் குனிந்தபோது சொன்னார்:

"நீ ஒருத்தன்னு எழுதிருக்க."

நான் பாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எறங்குனது ரெண்டு பேரு."

"இன்னாது?"

"ரெண்டு பேரு, சைரா. அடைப்பு எடுக்க மொதல்ல எறங்குனது முனிரத்தினம்னு ஒரு ஆளு. ஆந்திராக்காரன். வேலைக்கு வந்து நாலே நாளு. பதிவேட்ல ஏத்தவே இல்ல. அவன் வுழுந்தத பாத்துட்டு தூக்கத்தான் இன்பராஜ் குதிச்சான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் தட்டைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார். நாற்பத்திரண்டு நாளைக்குப் பிறகு.

"மூச்சு இருந்துச்சு. ஆந்திரா பக்கம் பலமநேர் போற வண்டில ஏத்தி வுடச் சொன்னாங்க. ஏத்தி வுட்டது நான்தான். அப்பறம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு பயம்."

கணினியில் இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். பட்டைக்குப் பக்கத்திலேயே உன் அறிவிப்பும் இருந்ததாம். "அந்தப் பொண்ணு தெளிவா எழுதிருந்துச்சு, அழுத்துனா அழியும்னு. படிச்சிட்டு அழுத்திட்டேன்" என்றார். உன்னைப் பொண்ணு என்கிறார், நாற்பத்துநாலு வயசில். அதனால் மக்பூலுக்குத் திங்கட்கிழமை எதுவும் தெரியாது. நான் தப்பித்துவிட்டேன் ஷர்மி. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபோது இந்த வரியை எழுதத்தான் தொடங்கினேன்.

ஆனால் மனுவில் ஒருவன் என்றுதான் இருக்கிறது. பதிவேட்டைப் பார்த்து எழுதியவள் நான். பதிவேட்டில் இல்லாதவன் எனக்கும் இல்லாதவனாகப் போய்விட்டான். அதைத் திருத்த வேண்டுமென்றால், முன்பு எழுதியது யார், பார்த்தது யார் என்று சொல்லியாக வேண்டும். ரஷீத் இன்று காலை வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் கையால் எழுதினார். முனிரத்தினம் என்ற பெயரை எழுதிவிட்டு, சரியாக எழுதினேனா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் தரவில்லை.

"நீ போடாத. வூட்ல ஒரு ஆளாவது வேலைல இருக்கணும்."

"நீங்க போன அன்னிக்கே என்னையும் அனுப்பிடுவாங்க. குடுங்க."

"சைரா, விளையாடாத."

பிடுங்கித்தான் போட்டேன். இப்போது அது அலமாரியில் என் துப்பட்டாக்களுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். கிழித்துவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும், கேட்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் லீவு சொல்லியிருக்கிறோம். காலை முதல் பஸ்ஸில் குடியாத்தம் வழியாக வேலூர் வருகிறோம். அதுவரை மூன்று நாள் அந்த ஆபீஸில், இஷ்தியாக் சாபுக்கு சலாம் சொல்லி உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நீ பஸ் ஸ்டாண்டுக்கு வா. ஆய்வாளர் அலுவலக வாசல்வரை எங்களோடு நட. உள்ளே வர வேண்டாம். வெளியே ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்தால் போதும், உள்ளே போய்விடுவேன்.

சைரா